செவ்வாயில் சம்பா நடவு

2004 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை, காலை ஏழு பத்து. வானம் மூடியிருந்தது, மழை இல்லை, புழுக்கம் மட்டும். குடை எடுத்துக்கொண்டேன். வலங்கைமானில் ஏறி, கும்பகோணத்தில் மாறி, தஞ்சாவூர் வரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கட்டணம் பதினைந்து ரூபாய். எட்டுப் பக்கப் படக்கதை ஒன்றை வாங்கத்தான் இவ்வளவும்.

வரைவது என் மகள் எஸ்தர். மூன்று வருடமாக அமெரிக்காவில் கணினி வேலை. ஞாயிறுதோறும் போனில் "நல்லாயிருக்கேம்ப்பா" என்பாள். கிறிஸ்துமஸுக்கு வருவாயா என்றால் அங்குள்ள குளிரைப் பற்றிப் பேசுவாள். மனதில் இருப்பதைப் படக்கதையில்தான் போடுவாள். அதை மின்னஞ்சலில் அனுப்ப, கல்லூரித் தோழி கலைச்செல்வி தஞ்சாவூரில் தன் ஜெராக்ஸ் கடையில் நூறு பிரதி எடுத்து, இரண்டு பின் அடித்து, ஐந்து ரூபாய்க்கு விற்கிறாள்.

பாபநாசம் அருகே பாலம் வந்ததும் எல்லோரும் ஒரே பக்கச் சன்னலுக்குப் போய் ஆற்றைப் பார்த்தோம். மணல்.

"மேட்டூர் தொறந்தாச்சுன்னாங்களே?" என்றேன்.

"தண்ணி என்ன எக்ஸ்பிரஸ்லயா வருது? உக்காருங்க சார், வண்டி சாயுது" என்றார் நடத்துநர்.

ஒன்பது ஐம்பதுக்குக் கடையில் இருந்தேன்.

"வாங்கப்பா! தாள் சூடுகூட ஆறல, அதுக்குள்ள வந்துட்டீங்க" என்று கலைச்செல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீக்குச் சொல்லிவிட்டாள்.

கதையில் வலங்கைமான்காரர் ஒருவர் ராக்கெட்டில் செவ்வாய்க்குப் போகிறார். சன்னல் வழியே பார்த்தால் கோடுகோடாய் வாய்க்கால். இறங்கியதும் நாலு கண் அதிகாரியிடம் கேட்கிறார்: "தண்ணி எப்பங்க விடுவீங்க?"

"கடைசியா விட்டது முந்நூறு கோடி வருஷத்துக்கு முன்னால."

"அப்ப இந்த வருஷம் கண்டிப்பா விட்டுருவாங்க."

வேட்டியை மடித்துக் கட்டி, குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை ஊற்றி நாற்று விடுகிறார். ஏழாம் பக்கத்தில் நட்டும் முடிக்கிறார்.

வாய்விட்டுச் சிரித்தேன். பட்டா நகலெடுக்க வந்தவர் எட்டிப் படித்துவிட்டு, "அட, நம்மாளு!" என்றார். இதுதான் இந்தச் சின்னப் புத்தகங்களின் ருசி. பெரிய கதைகளில் விண்வெளிக்குப் போகிறவன் உலகத்தைக் காப்பாற்றிவிட்டு வருவான். இதில் போகிறவருக்குத் தன் நாற்றங்கால்தான் கவலை. யாரும் திருத்தாததால் வேட்டியின் சேற்றுக்கறைகூட அப்படியே இருக்கிறது. டீ ஆறுவதற்குள் கதை தீர்ந்துவிடும்.

எட்டாம் பக்கத்தில் ஊரிலிருந்து போன். "எப்ப வர்ற?"

"நட்டுட்டேனே. அறுப்பு முடியாம எப்படி வர்றது?"

அறுப்பு என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் இதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். என் சிரிப்பும் அங்கேயே நின்றது. வருடத்துக்கு ஒரு அறுப்பு என்றாலும், செவ்வாய்க்கு ஒரு வருடம் என்பது நமக்கு 687 நாள். அப்படியானால் இந்தக் கிறிஸ்துமஸ் இல்லை, அடுத்ததும் இல்லை.

"என்னப்பா, பிடிக்கலியா?"

"பிடிச்சிருக்கும்மா. அவளுக்கு ஒரு வரி அடிச்சு அனுப்பு. அறுப்புக்கு ஆள் வேணுமான்னு கேளு."

கலைச்செல்வி விசைப்பலகையிலிருந்து நிமிர்ந்தாள். "யாரு, நீங்களா? திருச்சியத் தாண்டினதில்லன்னு எஸ்தர் கிண்டல் பண்ணுவாளே!"

"கேட்டதை அடி. பாஸ்போர்ட் படிவம் விக்கிறியே, அதுல ஒண்ணு எடு."

திரும்பும்போது அதே பாலத்தில் வண்டி மறுபடி சாய்ந்தது. நானும் எழுந்து பார்த்தேன். மணல்தான். இருந்தும் பாலம் கடக்கும்வரை உட்காரவில்லை.

பேருந்து போகவர முப்பது. டீ மூன்று. எஸ்தரின் அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு பிரதி, பத்து. மின்னஞ்சலுக்குக் கலைச்செல்வி காசு வாங்கவில்லை. பாஸ்போர்ட் படிவம் பத்து. ஆகமொத்தம் ஐம்பத்து மூன்று ரூபாய்.