ஒரு ரிங் அடித்த குற்றம்

எழுபது வயதுக்கு மேல் என்னை மோசடிக்காரன் என்று தீர்மானித்தது ஓர் இயந்திரம். அதுவும் நான் ஒரு தடவைகூடக் கால் வைத்திராத கனடாவில். என்னுடைய தொலைபேசி எண் இங்கே, எமிரேட்ஸின் புஜைராவில், என் அடையாள அட்டையோடு கட்டப்பட்டது. அந்த அட்டைக்காகப் பத்து விரல்களையும் கொடுத்திருக்கிறேன். எமிரேட்ஸ் அரசு அந்த எண்ணை நம்புகிறது. வங்கி நம்புகிறது. இதய வைத்தியரின் அலுவலகம்கூட நம்புகிறது. கனடாவின் வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் தொலைபேசி நிறுவனம் மட்டும் நம்பவில்லை.

அந்த ஊரில்தான் என் அக்கா தனியே இருக்கிறாள். அத்தான் அங்கே காகித ஆலையில் வேலை செய்தார். ஆலை மூடியது, பிறகு அத்தானும் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. ரொறன்ரோவுக்கு வந்துவிடு என்று சொல்லாத உறவினர் இல்லை. "அங்க வந்து ஆரின்ரை பேஸ்மென்ற்றில இருக்கிறது?" என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்துவிட்டாள்.

எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு வழக்கம் உண்டு. வளைகுடாவில் வேலை செய்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நான் முதலில் ரியாத்தில் இருந்தேன். பத்தா சந்தைக்குப் பக்கத்து அறைகளில் இருந்த நாங்கள் எல்லோரும் தொலைபேசியைப் பேசுவதற்குப் பயன்படுத்தியதைவிடப் பேசாமல் இருப்பதற்குப் பயன்படுத்தியதுதான் அதிகம். டியூட்டி முடிந்து ரூமுக்கு வந்துவிட்டால் ஒரு ரிங். திருப்பிக் கூப்பிடு என்றால் இரண்டு. எடுத்தால் காசு ஓடும்; எடுத்தவன் முட்டாள், எடுக்கவிட்டவன் அதைவிட முட்டாள். ஊரில் என் ரிங்கைக் கேட்டுப் பழகிய அக்கா, கனடா போனபோது அந்த வழக்கத்தையும் கொண்டு போனாள். நான் காலையில் தேத்தண்ணி குடித்ததும் அவளுடைய வீட்டுத் தொலைபேசிக்கு ஒரு ரிங் கொடுத்து வெட்டுவேன். அங்கே அவள் படுக்கப் போகும் நேரம். அவள் திருப்பி எனக்கு ஒரு ரிங் கொடுத்து வெட்டுவாள். நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய். அவ்வளவுதான் செய்தி.

இது வெறும் பாசம் இல்லை. ஒரு பனிக்காலத்தில் அவளுடைய ரிங் திரும்பி வரவில்லை. நான் அவளுடைய பக்கத்து வீட்டுத் தம்பதியைத் தொலைபேசியில் எழுப்பினேன். அவர்கள் போய்ப் பார்த்தபோது அக்கா இடுப்பு முறிந்து நிலவறைப் படியில் கிடந்தாள். அந்தத் தம்பதி இப்போது குளிர் குறைந்த மாகாணம் ஒன்றுக்குப் போய்விட்டார்கள். அக்கா விழுந்தால் உலகத்தில் எவருக்கும் தெரியவரும் ஒரே வழி, புஜைராவில் என் தொலைபேசி அடிக்காமல் இருப்பது.

இங்கே இலவசச் செயலிகளில் பேசலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இந்த நாட்டில் அந்தச் செயலிகளில் எழுத்து போகும், படம் போகும், குரல் போகாது. குரல் வேண்டுமென்றால் அதற்கென்று அனுமதி பெற்ற கட்டணச் செயலி ஒன்று வாங்க வேண்டும். அக்காவிடம் இருப்பதோ சுவரில் மாட்டிய தொலைபேசி. அவளுடைய ஊரில் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது சேர்ச் வாசலில் மட்டும்தான்.

பிறகு அவளுடைய ஊருக்கு முன்னேற்றம் வந்தது. அரசாங்கம் கிராமப்புற இணைப்புக்கென்று ஒரு பொது நிதியத்தை வைத்து, அதிலிருந்து அந்த ஊரின் ஒரே தொலைபேசி நிறுவனத்துக்கு உதவி கொடுத்தது. செம்புக் கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடி இழை போட்டார்கள். அரசியல்வாதி ஒருவர் வந்து நாடா வெட்டினார். அக்கா போய்க் கேக் சாப்பிட்டாள். "கேக் நல்லாயில்லை, ஆனா ஆள் நல்லாக் கதைச்சவர். போட்டி எண்டார், தெரிவு எண்டார்" என்று எனக்குச் சொன்னாள். போட்டியும் தெரிவும்! அந்த ஊரில் இருப்பது ஒரே ஒரு நிறுவனம்.

இந்தச் சொற்களோடு எனக்குப் பழைய பழக்கம். நான் ஓய்வு பெற்றது வளைகுடா அரசு முதலீட்டு நிதியம் ஒன்றில். வெளிநாட்டில் எந்தத் துறைமுகத்தை வாங்கலாம், எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் பங்கு எடுக்கலாம் என்று பெரியவர்கள் தீர்மானிப்பதற்கான ஆவணங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். எந்த நாட்டின் ஆணையத்துக்கு எந்த மனு, யார் கையொப்பம், எந்த இணைப்பு என்று என்னைக் கேட்டுத்தான் வக்கீல்கள் அனுப்புவார்கள். வாடிக்கையாளருக்குப் போக வேறு இடமில்லை என்ற நிலைமையை அந்த ஆவணங்கள் 'நிலையான வருமானம்' என்று மரியாதையாகக் குறிப்பிடும். அந்த நிலையான வருமானம் என் அக்காதான் என்பதை இப்போது தெரிந்துகொண்டேன்.

எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் அது நடந்தது. காலையில் வழக்கம்போல ஒரு ரிங் கொடுத்து வெட்டினேன். திரும்பி வரவில்லை. இன்னொரு தடவை கொடுத்தேன். பிறகு வெட்டாமல் நீளமாக அடிக்கவிட்டேன். அழைப்பை ஏற்க முடியாது என்று ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது. நிலவறைப் படி என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அவசர எண் நாட்டுக்கு வெளியிலிருந்து வேலை செய்யாது. அந்த ஊர்ப் பொலிஸ் நிலையத்தின் சாதாரண எண்ணைத் தேடிப் பிடித்தேன். அது அவர்களுடைய காலையில்தான் திறக்கும், அதாவது எங்களுடைய மாலையில். அன்று பகல் முழுவதும் நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். மகன் அலுவலகத்திலிருந்து வந்து, "அப்பா, நீங்கள் ஹார்ட் பேஷண்ட். யல்லா, இருங்கோ" என்றான். அவனுடைய விசாவில்தான் நான் இங்கே இருக்கிறேன். சட்டப்படி என் கஃபீல், அதாவது என் பொறுப்பாளி, அவன்தான். ஆனாலும் உட்காரவில்லை.

பொலிஸ் போனார்கள். அக்கா கதவைத் திறந்தாள். பனியில் இரண்டு சீருடைக்காரர்கள் தொப்பியோடு நிற்கிறார்கள். அவள் அவர்களை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து, யாழ்ப்பாணத்தில் செத்த வீட்டில் அழுவது போல என் பெயர் சொல்லி ஒப்பாரி தொடங்கிவிட்டாள். பெண் பொலிஸ் பயந்துபோய்த் தன்னுடைய வாகனத்தில் இருந்த செயற்கைக்கோள் தொலைபேசியை எடுத்து வந்து என்னை அழைத்து, அதை அக்காவின் காதில் வைத்தாள்.

"அக்கா, நான்."

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"ஆர்?"

"நான்தான். உயிரோடதான் இருக்கிறன்."

"பொய் சொல்லாதை."

"செத்தவன் போன் எடுப்பானோ? நீ விழுந்து கிடக்கிறாய் எண்டு நான்தான் பொலிசை அனுப்பினனான்."

"விசரா! ராத்திரி முழுக்கப் போனுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தனான். உன்ரை ரிங் வரேல்லை. ஆசுப்பத்திரியால வந்த உடம்பு. முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன்."

"அப்ப நீ எனக்கு அடிச்சுக் கேட்டிருக்கலாமே?"

"நான் அடிக்க, உன்ரை போனை வேற ஆரும் எடுத்தால்?" என்றாள்.

அந்த அழைப்பை வெட்டாமல் காத்திருப்பில் போட்டேன். பொலிஸ் அங்கே நிற்கும்போதே என் எண்ணிலிருந்து அவளுடைய வீட்டுத் தொலைபேசிக்கு அடித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு ரிங் கேட்டது. அங்கே சுவரில் சத்தமே இல்லை. மகனின் தொலைபேசியிலிருந்து அடித்தேன். உடனே அடித்தது. அப்போது தெரிந்துவிட்டது. கோளாறு கம்பியில் இல்லை.

நிறுவனத்தை அழைத்தேன். கணக்கு அத்தானின் பெயரில் இருப்பதால் கணக்குக்காரரோடு மட்டும்தான் பேசுவார்களாம். அவர் இறந்துவிட்டார் என்றேன். அனுதாபம் தெரிவித்துவிட்டு, அப்படியானால் அவருடைய ஒப்புதல் எழுத்தில் வேண்டும் என்றாள் அழைப்பை எடுத்த பெண். நான் மேலதிகாரியைக் கேட்டேன். பிறகு அவருடைய மேலதிகாரியைக் கேட்டேன். கடைசியில் வந்தவர்தான் விளக்கினார். புதிய இணைப்போடு மோசடி அழைப்பைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றும் வருகிறதாம். மோசடிக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு ரிங் கொடுத்து வெட்டுவார்களாம். யாரோ கூப்பிட்டார்கள் என்று அப்பாவிகள் திருப்பி அழைப்பார்களாம். அப்படி அழைத்தால் கட்டணம் ஏறுமாம். "உங்களுடைய எண் தினமும் ஒரு ரிங் கொடுத்து வெட்டுகிறது. எடுப்பதற்கு முன்பே வெட்டுகிறது. வாடிக்கையாளர் திருப்பி அழைக்கிறார். இது அப்படியே அந்த முறைதான், சார்."

அப்படியேதான். அந்த மனிதன் எங்கள் வழக்கத்தை எங்களைவிட நன்றாக விவரித்துவிட்டான். குற்றவாளிகளிடமிருந்து என் அக்காவைக் காப்பாற்றப் பொதுப் பணத்தில் ஒரு இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். அவள் செத்துக் கிடந்தால் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆளைத்தான் அது முதலில் பிடித்தது. வடிகட்டியை நிறுத்தலாமா என்று கேட்டேன். தாராளமாக நிறுத்தலாம், அவளுடைய கைத்தொலைபேசிக்கு ஒரு இரகசியக் குறியீடு அனுப்புவார்கள், அதை இணையத்தில் போட்டால் போதும். கைத்தொலைபேசி இல்லை என்றேன். ஊர் முழுவதும் இப்போது அதிவேக இணைப்பு இருக்கிறதே என்று பெருமையாகச் சொன்னார்.

எனக்கு நடைமுறை தெரியும். முதலில் நிறுவனத்திடமே புகார், அதாவது உள்முறைப்பாடு. அவர்கள் மறுத்த பிறகு, நிறுவனங்களே பணம் கொடுத்து நடத்தும் தனி முறைப்பாட்டு அமைப்பு. அவர்கள் தங்கள் வரம்புக்குள் இல்லை என்ற பிறகு ஒழுங்குமுறை ஆணையம். மூன்று இடத்துக்கும், மறுக்க வழியில்லாத ஒழுங்கில், இணைப்புகளோடு எழுதினேன். மூன்று இடத்திலிருந்தும் நன்றி வந்தது. மோசடி அழைப்புகளைத் தடுக்க வேண்டியது நிறுவனங்களின் கடமை, எப்படித் தடுப்பது என்பது அவரவர் விருப்பம் என்று ஆணையம் தெரிவித்தது. பொது நிதியத்துக்கும் எழுதினேன். தாங்கள் பணம் மட்டும்தான் கொடுப்பதாக அவர்கள் பதில் போட்டார்கள். அந்த வாக்கியத்தை நான் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ கடிதங்களில் பார்த்திருக்கிறேன். இவ்வளவு எரிச்சல் தரக்கூடியது என்று அப்போது தெரிந்திருக்கவில்லை.

மகனின் எண்ணிலிருந்து ஒரு ரிங் கொடுக்கத் தொடங்கினோம். கொஞ்ச நாளில் அவனும் மோசடிக்காரன் ஆனான். "அப்பா, என் நம்பர்ல தான் ஆபீஸ், பாங்க் எல்லாம் இருக்கு. ஹலாஸ், போதும், ப்ளீஸ்" என்று கும்பிட்டான்.

கடைசியில் அக்காவே சேர்ச் வாசலுக்குப் போய், பாதிரியாரின் கைத்தொலைபேசியைக் கெஞ்சி வாங்கிக் குறியீட்டை எடுத்து, எங்கள் இரண்டு எண்களையும் விடுவித்தாள். ஆனால் நிறுவனம் ஒரு எச்சரிக்கை கொடுத்தது. பழைய மாதிரி வெட்டினால் இயந்திரம் மறுபடி பிடித்துவிடும். நேர்மையான அழைப்பு என்றால் எடுக்கப்பட வேண்டும், கொஞ்ச நேரமாவது நீள வேண்டும்.

ஆக, கனடாவின் தொலைத்தொடர்புக் கொள்கைப்படி நானும் அக்காவும் தினமும் பேச வேண்டும். மகனுக்கு இதில் பெரிய சந்தோஷம். "நல்லதுதானே அப்பா, இப்ப ரெண்டு பேரும் டெய்லி கதைக்கிறியள்" என்றான். கோபத்தில் எனக்கு மாத்திரை போட வேண்டியதாகிவிட்டது. எழுபது வயது கடந்த இரண்டு பேருக்கு எப்போது பேச வேண்டும் என்று சொல்ல இவர்கள் யார்?

முதல் நாள் பேச்சு இப்படி இருந்தது.

"சொல்லு."

"ஒண்டுமில்லை. நீ சொல்லு."

"எனக்கும் ஒண்டுமில்லை. வைக்கட்டோ?"

"வையாதை. இன்னும் கொஞ்சம் லைனில நிக்க வேணுமாம்."

"ஆருக்கு நிக்க வேணும்?"

"மெஷினுக்கு."

"அது எங்கட வீட்டு ஆளோ?" என்று கேட்டுவிட்டு, "சரி, நில்" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது தினமும் அப்படித்தான். அவள் எடுக்கிறாள், வைக்கிறாள், போகிறாள். நான் புஜைராவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, பூமியின் மறுபக்கத்தில் ஒரு குசினியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேத்தலில் தண்ணீர் கொதிக்கிறது. அலுமாரிக் கதவு சாத்தப்படுகிறது. செருப்பு இழுபடும் சத்தம் நிலவறைப் படிப்பக்கம் போகும்போது மட்டும் நான் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறேன்.

இந்த நிமிடங்கள் எல்லாவற்றுக்கும் இங்குள்ள நிறுவனம் என்னிடம் கட்டணம் எடுக்கிறது. அந்த நிறுவனத்தில் பெரும் பங்கு அரசாங்கத்துடையது, நான் வேலை பார்த்த நிதியத்தின் வழியாக. ஆண்டறிக்கையில் சர்வதேச அழைப்பு நேரம் கூடியிருப்பதாகப் பெருமையாகப் போடுவார்கள். அந்த வரியை எழுதப் போகிறவனை எனக்குத் தெரியும். என் பழைய கதிரையில்தான் இருப்பான்.

செருப்புச் சத்தம் திரும்பி வருகிறது. ரிசீவரை எடுத்து, "காணும், நிண்டது போதும், வை" என்கிறாள். வைக்கிறேன்.