எரியாத ஸ்கேனர்

ஒரு சனிக்கிழமை காலை, மேடவாக்கத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது காரின் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. மறுநாள் செங்கல்பட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு வருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். லைசென்ஸ் வாங்கி வெகுநாள் ஆகியும் பெருங்களத்தூரைத் தாண்டித் தனியாகப் போனதில்லை. கணவர் வேலை விஷயமாக ஓசூரில் இருந்தார். போனில் விஷயத்தைக் கேட்டதும், "பேசாம பஸ்ல போயிடேன்" என்றார். அவர் அதை அவ்வளவு சுலபமாகச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது.

வழக்கமான மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

"நான் ஊர்ல கீறேன்க்கா. சார் ஸ்கேனர் ஒண்ணு வாங்கி வெச்சிருந்தாரே, அத்த மாட்டிப் பாரு. இன்னா கோடு நம்பர் வருதுன்னு சொன்னீனா, ஓட்லாமா வேணாமான்னு நான் சொல்லிடுறேன்."

அந்த ஸ்கேனர் தீப்பெட்டி அளவில்தான் இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள போர்ட்டில் செருகினால், வண்டியின் கோளாறைக் கைப்பேசியில் காட்டும். கீழ்க்கட்டளையில் எங்கள் அபார்ட்மென்டின் பார்க்கிங்கில், கதவைத் திறந்து வைத்துத் தரையில் மண்டியிட்டு அதைச் செருகினேன். சாவியைத் திருகினேன். கைப்பேசி தேடிக்கொண்டே இருந்தது, எதுவும் கிடைக்கவில்லை. கழற்றி மாட்டினேன். கைப்பேசியை அணைத்துப் போட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். போர்ட்டின் உள்ளே ஒரு பின்கூட வளையவில்லை. முழங்கால்தான் வலித்தது.

"என்ன டீச்சர், எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

இரண்டாவது மாடியில் இருக்கும் அக்கா. வீட்டிலிருந்தபடியே சுடிதார் துணி வியாபாரம் செய்கிறவர். அவருடைய காரும் எங்கள் காரும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். ஆனாலும் லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. கையிலிருந்த பார்சல் மூட்டையைத் தன் கார் டிக்கியில் போட்டுவிட்டு வந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"கோளாறு உங்க வண்டியிலயா, இந்த டப்பாவுலயான்னு முதல்ல தெரியணும்ல? என் வண்டியில மாட்டிப் பாருங்க."

அவர் காரில் செருகியதுமே ஸ்கேனரில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அப்படியொரு விளக்கு அதில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கைப்பேசியும் உடனே இணைந்து, கோளாறு எதுவுமில்லை என்றது.

"அல்ஹம்துலில்லாஹ், ஓசியில என் வண்டிக்கு செக்கப் ஆயிடுச்சு" என்று சிரித்தார் அக்கா.

ஆக, எங்கள் கார் போர்ட்டுக்குக் கரண்டே வரவில்லை. கைப்பேசியில் தேடிப் படித்தேன். பல வண்டிகளில் இந்தப் போர்ட்டுக்கும் சார்ஜர் செருகும் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தானாம்.

"சார்ஜர் வேலை செய்யுதா?" என்றார் அக்கா.

செய்யவில்லை. போன மாதம், சீட்டில் கொட்டியிருந்த முறுக்குத் தூளை உறிஞ்ச ஒரு மலிவான வேக்குவம் கிளீனரை அந்தச் சாக்கெட்டில் செருகியிருந்தேன். உர்ரென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. கெட்டுப்போன சாமான் என்று திட்டித் திருப்பி அனுப்பியிருந்தேன். அதைச் சொன்னதும் இருவரும் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினோம். எந்த ஃபியூஸ் எதற்கு என்று மூடியின் பின்பக்கம் படம் போட்டிருந்தது, எறும்பு எழுத்தில். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்துச் சொன்னார். சாவியை எடுத்துவிட்டு நான் கையை விட்டேன். விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. அவர் கைப்பையிலிருந்து புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்துக் கொடுத்தார். இழுத்ததும் நீல நிற ஃபியூஸ் வந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். உள்ளே கம்பி நடுவில் அறுந்திருந்தது.

பெட்டியிலேயே உபரி ஃபியூஸ்கள் இருந்தன. அதே எண் போட்ட நீலத்தை எடுத்து அழுத்தினேன். ஸ்கேனரை மறுபடி எங்கள் போர்ட்டில் செருகிச் சாவியைத் திருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"வந்திடுச்சு டீச்சர்!" என்று அக்கா என் தோளில் தட்டினார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்த்த அன்றைக்குப் பிறகு ஒரு விளக்கையோ திரையையோ பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு, திரையில் வந்த கோடு நம்பரைப் படித்துச் சொன்னேன்.

"ஆக்சிஜன் சென்சாருக்கா. பேஜாரே இல்ல. பெட்ரோல் கொஞ்சம் ஜாஸ்தி குடிக்கும், அவ்ளோதான். செங்கல்பட்டு தாராளமா போய்ட்டு வா. நான் வந்து மாத்திக் குடுக்குறேன்" என்றார் மெக்கானிக்.

ஓசூருக்குப் போன் செய்து, ஃபியூஸை நானே மாற்றிவிட்டேன் என்றேன்.

"நீயா?" என்றார் கணவர்.

"நாங்க ரெண்டு பேரும்" என்று பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார் அக்கா.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். தாம்பரம் தாண்டி, பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிற பஸ்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒரு டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். அடித்துக்கொள்ளட்டும் என்று என் வேகத்திலேயே நகர்ந்தேன். வண்டலூர் வந்ததும் சாலை விரிந்தது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அது எதற்கு எரிகிறது என்று எனக்குத் தெரியும். ரேடியோவைப் போட்டுக்கொண்டேன்.