அருகம்புல் பூசிய கழுத்து

நவி மும்பையில், கோபர்கைரனேயில், நான் காலையில் நடக்கப் போகும் பூங்காவின் வாசலில் அருகம்புல் ஜூஸ் விற்கிறார்கள். போன வாரம் ஒரு கப் வாங்கினேன். சர்க்கரைக்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லது என்று விற்பவர் அடுக்கிக்கொண்டே போனார். நான் எங்கே கேட்டேன்? அந்தப் பச்சை வாசனை ஏறியதுமே, அறுபதுகளின் பம்பாயில், மாட்டுங்காவில், ஈரத் தோட்டத்தில் மன்னியோடு குனிந்து புல் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

மன்னி, என் அண்ணாவின் மனைவி. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பாவின் முன்னால் அவள் குரலே எழும்பாது. ஆனால் அருகம்புல் விஷயத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. மூக்கில் ரத்தம் வந்தால் அதன் சாறு. நீர்க்கடுப்புக்கு அதையே மோரில் கலந்து. அரிப்புக்கு மஞ்சளோடு அரைத்து. "பிள்ளையார் வயித்துச் சூட்டையே தணிச்ச புல்லாக்கும். நம்ம சூடு எம்மாத்திரம்?" என்பாள்.

எனக்கு அப்போது கோட்டைப் பகுதியில் டைப்பிஸ்ட் வேலை. ரயில் நெரிசலும் வேர்வையும் சேர்ந்து கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகப் படை வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்து செம்பூரிலிருந்து ஒரு வரன். ஞாயிறு மாலை பெண் பார்க்க வருகிறார்கள். அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று.

அந்த வாரம் முழுக்க விடிந்ததும் மன்னி என்னைத் தெருமுனைப் பொதுத் தோட்டத்துக்கு இழுத்துப் போனாள். முதல் நாளே தோட்டக்கார மாலி விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். "கண்பதி கே லியே!" என்றாள் மன்னி, தெரிந்த ஹிந்தி மொத்தத்தையும் திரட்டி. அவர் எங்கள் பையை எட்டிப் பார்த்தார். இது கணபதிக்கா, யானைக்கா என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி போய்விட்டார்.

ஞாயிறு காலை. கழுத்து முழுக்கப் பச்சையாக அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வாசலில் மணி அடித்தது. மாலையில் பூனா போக வேண்டியிருந்ததாம். பையனும் அவன் அம்மாவும் அப்போதே வந்துவிட்டார்கள். தலைப்பால் மூடிக்கொள் என்று அப்பா ஜாடை காட்டினார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, இருந்த கோலத்திலேயே போய் நமஸ்காரம் பண்ணினேன்.

"வேர்வைப் படை மாமி. மருந்து போட்டுண்டிருக்கேன்."

மாமி நாற்காலியை மெல்லப் பின்னால் நகர்த்தினாள். பையன், என்னிடம்கூட இல்லை, அப்பாவிடம் கேட்டான்: "ஒட்டிக்குமா?"

சமையலறை வாசலிலிருந்து மன்னியின் குரல் வந்தது. "ஒட்டாது. ஒரு வாரமா நான்தான் என் கையால பூசறேன்." வெளியே வந்து இரண்டு கைகளையும் விரித்தே காட்டினாள்.

காப்பியைத் தொடாமல் போனார்கள். சில நாள் கழித்துச் சொல்லியனுப்பினார்கள்: படை ஆறியிருந்தால் மேற்கொண்டு பேசலாமாம். ஆறித்தான் இருந்தது, தழும்புகூட இல்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்ப்பா. நாளைக்கு எனக்கு டைபாய்டு வந்தா அவர் ஜன்னல் வழியாத்தான் பேசுவார்."

அப்பா சிரித்துவிட்டார். உள்ளே மன்னி அதைவிடப் பலமாகச் சிரித்தாள். மாமனார் காதில் விழும்படி அவள் சிரித்தது அன்றுதான் முதல்.

பிறகு வேறொருவரைக் கட்டிக்கொண்டு நன்றாகவே வாழ்ந்தேன். தோட்டத்தில் நாங்கள் கிள்ளிய இடத்தில் இப்போது நடைபாதைக் கல் பதித்திருக்கிறார்கள். எங்கள் கட்டடத்தை இடித்து, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் எழுப்பிவிட்டார்கள். அண்ணா அங்கேதான் இருக்கிறார். போனால் வேலைக்காரப் பெண் கதவைத் திறந்து, யாரைப் பார்க்கணும் என்று ஹிந்தியில் கேட்கிறாள். "வாடி" என்று கையைப் பிடித்து உள்ளே இழுக்க மன்னி இல்லை.