அம்மன் கட்டிய முதல் சேலை

அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சொல்லக்கூடாத இடத்தில் அதை ஒருமுறை சொன்னவன் நான். உப்பளத்தில் பெண்கள் புழங்கும் ஒரு சாதாரணச் சொல் அது என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு மரக்காணத்தில் எங்கள் வீட்டின் முன்பக்க அறைகளை வாடகைக்கு விட்டேன். நானும் மனைவியும் மாடியில் இருந்தோம். கீழே குடிவந்தது ஒரு குடும்பம் அல்ல. இரண்டு தையல் மெஷின், ஒரு நீள மேசை, சாயக் கிண்ணங்கள், மரத்தில் செதுக்கிய அச்சுக்கட்டைகள், இவற்றோடு ஒரு பெண். பெற்றோர் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவளோ பன்னிரண்டாவது முடித்துவிட்டு, பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு தையல் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்து, அங்கேயே துணியில் அச்சுப் போடவும் கற்றுக்கொண்டு, சொந்தமாகத் தொழில் தொடங்க வந்திருந்தாள்.

முதல் சில மாதங்கள் நான் அவளைக் கவனிக்கவே இல்லை. ஒரு மழைக்காலக் காலையில், செய்தித்தாள் எடுக்கக் கீழே இறங்கியபோது, மேசைமேல் விரித்திருந்த சேலையைப் பார்த்து நின்றுவிட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே எத்தனையோ வருடம் நான் பார்த்த உப்பளம் அது. ஒரு பாத்தி செம்மண் கலந்த நிறத்தில், அடுத்தது சாம்பலில், அதற்கடுத்தது வெளுத்து, நடுவே கோணல்மாணலான வரப்புகள். ஒவ்வொரு பாத்தியின் ஓரத்திலும் உப்பு முதலில் உறையுமே, அந்தப் பொருக்கு வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது.

"இந்த வெள்ளைய எப்படிம்மா அச்சடிச்ச?" என்று கேட்டேன்.

"அடிக்கல சார். விட்டுட்டேன். சுத்தி சாயம் வெச்சுட்டு, அந்த எடத்துல மட்டும் துணிய அது பாட்டுக்கு விட்டுட்டேன்."

விட்டுவைப்பதற்காகவே தனியாக ஒரு கட்டை செதுக்கச் சொல்லி, தச்சர் சரியாகச் செய்யவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறாள். நான்காவது முறை உளியை வாங்கித் தானே செதுக்கிவிட்டாள். இதைப் பெருமையாகவே சொன்னாள். தன் வேலையைப் பற்றிக் குறைத்துப் பேசும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

என் வாசலில் பெயருக்குப் பின்னால் சட்டப் பட்டம் போட்ட பலகை ஒன்று உண்டு. படித்தது உண்மை. வழக்கு எதுவும் நடத்தியதில்லை. திண்டிவனத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து காலத்தை ஓட்டினேன். அவள் அந்தப் பலகையை நம்பினாள்.

"சார், கடை பேரைப் பதிவு பண்ணி வச்சுக்கணும்னு சொல்றாங்க. டிசைனையும் பண்ணலாமாம். நீங்க லா படிச்சவரு. இன்னா பண்ணணும் சொல்லுங்க."

"பண்ணிடலாம்மா. நான் பார்த்துக்கறேன்."

அந்தப் பிரிவுச் சட்டம் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் வேறு ஒருவரிடம் போயிருப்பாள். நான் சொல்லவில்லை. விசாரிக்கவும் இல்லை. அவள் கேட்கும்போதெல்லாம் "போய்க்கிட்டு இருக்குதும்மா" என்றேன். அது பொய். எதுவும் எங்கேயும் போய்க்கொண்டிருக்கவில்லை.

அந்த மாசி மகத்துக்கு எங்கள் ஊர்க் கடற்கரைக்குத் தீர்த்தவாரி வந்த சாமிகளில், அவள் பிறந்த குப்பத்து அம்மனும் ஒன்று. அம்மன் இடுப்பில் அந்த உப்பளச் சேலை. எந்தப் புது டிசைன் போட்டாலும் முதல் சேலை அம்மனுக்குத்தான் என்பது அவள் வழக்கம். அவள் அம்மாவும், வருடத்தின் முதல் உப்பை வாரும்போது ஒரு கைப்பிடியை அம்மனுக்கு எடுத்து வைத்தவர்தானாம். என் மனைவி அலைக்குப் பக்கத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "நம்ம வீட்டுல அடிச்ச சேலைங்க" என்றாள். நான், "விக்கிறதுக்கு முன்னாடியே ஊருக்கெல்லாம் காட்டுறாளே, வியாபாரம் தெரியாத பொண்ணு" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு அப்புறம் வந்த ஒரு கல்யாணத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். புதுச்சேரியில், பந்தியில், என் பக்கத்து இலையில் மனைவியின் அண்ணன் மகன் உட்கார்ந்திருந்தான். அங்கே துணிக்கடை வைத்திருக்கிறான். பேச்சுவாக்கில் போனை எடுத்து, கீழ் அறையில் நான் எடுத்து வைத்திருந்த சேலைப் படங்களைக் காட்டினேன்.

"செமையா இருக்குதே மாமா. யாருது?"

"நம்ம வீட்டுல ஒரு பொண்ணு செய்யுற வேலைதான். பேரு, டிசைன் எல்லாத்தையும் பதிவு பண்ற வேலைய நாந்தான் பார்க்கிறேன்."

"பண்ணியாச்சா?"

"இன்னும் இல்ல. பண்ணணும்."

"எனக்கு அனுப்புங்க மாமா. கடைல காட்டுறேன். ஆர்டர் வந்தா அந்தப் பொண்ணுக்கும் நல்லதுதானே."

சாம்பார் வாளி எங்கள் இலைக்கு வருவதற்குள் எல்லாப் படங்களும் அவனுக்குப் போய்விட்டன. கடையின் பெயரை எப்படி எழுதுவாள் என்று கேட்டான். துணியில் தைக்கும் சின்ன லேபிளின் படத்தையும் அனுப்பினேன். அவனிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்கு அப்போது தோன்றவில்லை. பெரிய விஷயம் தெரிந்தவன் என்று அவன் என்னை நினைக்க வேண்டும் என்பதைத் தவிர, எனக்கு அப்போது எதுவுமே தோன்றவில்லை.

தீபாவளிக்கு முன்னால் அவள் ஒரு வக்கீல் நோட்டீஸோடு மாடிக்கு வந்தாள். அது ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொன்னேன். அந்தப் பெயருக்குப் புதுச்சேரிக் கடைக்காரர் விண்ணப்பித்திருக்கிறார். உப்பளப் பாத்தி டிசைன் அவர் பெயரில் பதிவாகிவிட்டது. இரண்டையும் இவள் உடனே நிறுத்த வேண்டும். அவளிடம் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கடைகளுக்கும் நகல் போயிருந்தது.

"என் கடை பேரை நானே வெக்கக்கூடாதாமா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"நீங்கதான் பதிவு பண்ணிட்டீங்கல்ல சார்?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி நோட்டீஸில் அந்தப் புதுச்சேரிக் கடையின் பெயரை எட்டிப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இது எங்க அண்ணன் மவன் கடைம்மா. அவனுக்கு எப்படிப் போச்சுன்னு இவரைக் கேளு."

சொன்னேன். பதிவுக்கு நான் எதுவுமே செய்யாததை, பந்தியில் காட்டியதை, அனுப்பியதை, லேபிளை, எல்லாவற்றையும். அவள் நின்றபடியே கேட்டாள். பிறகு நோட்டீஸை வாங்கி மடித்துக்கொண்டாள்.

"ஒரு வருஷமா போய்க்கிட்டு இருக்குது, போய்க்கிட்டு இருக்குதுன்னு சொன்னீங்களே சார். எங்க போச்சு, பாண்டிக்கா?"

கீழே போய்விட்டாள். சற்று நேரத்தில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. தீபாவளி ஆர்டர் பாதியில் நின்றால், அவளோடு அவளிடம் வேலை செய்த இரண்டு பெண்களின் தீபாவளியும் நின்றுவிடும். எனக்கு அதெல்லாம் அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் காலையில் படியின் கீழே நின்று கூப்பிட்டாள். "சார், பாண்டில ஒரு வக்கீலம்மாவைப் பார்க்கப் போறேன். நீங்களும் வரணும். அவங்க கேக்குறதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்." பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு, மடியில் ஒரு பெரிய பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பையில் பழைய பில்கள், லேபிள்கள், சேலைகள்.

வக்கீல் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். பெயரைப் பொறுத்தவரை, யார் முதலில் அதை வைத்து வியாபாரம் செய்தது என்பதே பெரிய விஷயம், அதற்குச் சான்று நிறைய இருக்கிறது, விண்ணப்பத்தை எதிர்க்க இன்னும் காலமும் இருக்கிறது என்றார். டிசைனுக்கு வந்தபோது, "இந்தச் சேலையை மொதல்ல கட்டினது யாரு?" என்று கேட்டார்.

"அம்மன்."

"எந்த அம்மா?"

"அம்மா இல்லீங்க. அம்மன். மாசி மகத்துக்கு."

வக்கீல் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். "அப்ப ஊரே பார்த்துடுச்சு. ஊருக்குத் தெரிஞ்ச டிசைன பதிவு பண்ண முடியாதும்மா. இதை இனிமே உங்க பேர்ல வாங்க முடியாது."

அவள் முகம் மாறியது. அந்த அறையில் நான் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவங்களாலயும் முடியாது," என்றார் வக்கீல். "அவங்க வாங்கின பதிவை ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம். மாசி மகத்துல அம்மன் இதைக் கட்டியிருந்ததுக்கு ஆதாரம் இருக்குதா?"

"மாசி மகத்துக்கு எங்க ஊர்ல போன் தூக்காத கையி எங்க இருக்குதும்மா."

குப்பத்து இளைஞர்கள் தீர்த்தவாரியை யூடியூபில் போட்டிருந்தார்கள். வக்கீல் அறையிலேயே அதைப் பார்த்தோம். தோள்களில் அம்மன் அலையை நோக்கிப் போகிறாள். கடற்காற்று முந்தானையைத் தூக்கிப் பிடிக்கிறது. பாத்தியும் வரப்பும் ஓரத்து வெள்ளையும் படம் முழுக்க விரிகின்றன. ஓரத்தில் நானும் கைகட்டி நிற்கிறேன், ஏதோ சொல்லிக்கொண்டு. என்ன சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

"அப்ப அந்த டிசைன் யாருக்கும் சொந்தம் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"சரி. அம்மன்தான மொதல்ல கட்டுனாங்க. அவங்களுதுன்னே இருக்கட்டும். என் பேரை மட்டும் எனக்கு வாங்கிக் குடுங்க."

பெயருக்காக நான் ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருந்தது. படங்களையும் பெயரையும் நான்தான் அனுப்பினேன், இது இவளுடையது என்று தெரிந்தேதான் அவன் வாங்கிக்கொண்டான் என்று. அது எப்படியோ தெரிந்து, மனைவியின் அண்ணன் போன் செய்தார்.

"மாப்ள, வாடகைக்கு இருக்கறவளுக்காக நம்ம பையன் மேல கையெழுத்து போடுவீங்களா?"

என் மனைவி போனை வாங்கினாள். "அண்ணே, அவரு இப்பதான் ஒரு வேலைய ஒழுங்கா செய்யப் போறாரு. தடுக்காத."

கையெழுத்துப் போட்டேன். அண்ணன் வீட்டோடு எங்களுக்கு இப்போது போக்குவரத்து இல்லை. மனைவிக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

வழக்கு நடந்த காலம் முழுவதும் அவள் பெயர்ப்பலகையைக் கழற்றவில்லை. நோட்டீஸ் போன ஒவ்வொரு கடைக்கும் நேரில் போய், போனில் தீர்த்தவாரியை ஓடவிட்டுக் காட்டினாள். சிலர் மீண்டும் சரக்கு எடுக்கத் தொடங்கினார்கள். எடுக்காதவர்களிடம் மறுமாதம் மறுபடியும் போனாள். நடுவில் துணிக்கடைக்காரன் ஆள் அனுப்பினான்: வழக்கை விட்டுவிட்டால் தன் கடைக்கே அச்சுப் போட்டுத் தரலாம், அந்தப் பெயரிலேயே. வந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "என் பேரை எனக்கே வாடகைக்கு விடுறாரா உங்க ஓனரு?" வந்தவரே சிரித்துவிட்டார்.

என் வாக்குமூலத்தையும் தீர்த்தவாரிப் படத்தையும் பார்த்த பிறகு துணிக்கடைக்காரன் பெயருக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றான். டிசைன் பதிவு ரத்தாகி வர இன்னும் நாளானது. கடையின் பெயர் அவள் பெயரில் பதிவானபோது மாடிக்கு வந்து என் மனைவியிடம் கேசரி கொடுத்தாள். எனக்கும் ஒரு தட்டு இருந்தது.

ஆனாலும் கீழ் அறைக்குள் நான் போவதென்றால் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வாசலில் நிறுத்தி, "சார், போன்" என்பாள். ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். கோபமாகச் சொல்வதில்லை, செருப்பைக் கழற்றச் சொல்வதுபோலச் சொல்வாள். அதனால்தான் அது உள்ளே போய்த் தைத்தது.

இந்த வருடம் புது டிசைன் போட்டிருக்கிறாள். அது என்னவென்று சொல்ல மாட்டேன். பூசாரி விசாரிக்க வந்திருந்தார்.

"மாசி மகம் வருது. சேலை ரெடியா?"

"சேலை ரெடி பூசாரி. மொதல்ல விண்ணப்பம் போவணும். போன பின்னாடிதான் அம்மனுக்கு."

"அம்மனுக்கே வெயிட்டிங் லிஸ்டா?"

"போன தடவை அவங்க சேலைய பாண்டில ஒருத்தரு எடுத்து வித்தாரு. அவங்களுக்கும் தெரியும், நீங்க சும்மா இருங்க."

பூசாரி போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். வழக்கம்போலப் போனை ஜன்னல் மேடையில் வைக்கப் போனேன்.

"வெக்காதீங்க சார். எடுத்துட்டு வாங்க. விண்ணப்பத்துக்குப் படம் வேணும், என் போன்ல தெளிவா விழல. உங்களுது நல்லா எடுக்கும்."

சேலையை மேசையில் விரித்து, ஒவ்வொரு பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள். எடுத்தேன். நிழல் விழுந்த இரண்டை மறுபடியும் எடுக்கச் சொன்னாள். எல்லாவற்றையும் அவள் எண்ணுக்கு அனுப்பினேன். பிறகு அவள் கேட்காமலே ஒவ்வொன்றாக அழித்து, காலியான திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"அழிச்சது போன்லயே இன்னொரு எடத்துல போய் உக்காந்திருக்கும் சார். அதுலயும் போய் அழிங்க."

அதிலும் போய் அழித்தேன்.