பூட்டுப் போட்ட கக்கூஸ்

பழைய நாளில் எது திரும்பி வந்தால் நல்லது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். எது வரவே வேண்டாம் என்று கேட்டால் யோசிக்க மாட்டேன். கோவிலம்பாக்கம் ஏரிக்கரை. விடிவதற்கு முன்னால் சொம்பை எடுத்துக்கொண்டு நாங்கள் போன அந்தக் கரை.

எண்பதுகளில் நடந்தது. நான் மூணாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. ஏரி இருக்கும்போது எதற்கு என்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் இல்லாததற்கு மட்டும் ஊர் சிரித்தது. அப்பா கொத்தனார். மடிப்பாக்கம், நங்கநல்லூர் பக்கம் புதிதாக எழும்பிய வீடுகளில் பாதிக்கு அவர்தான் கக்கூஸ் கட்டினார். அதில் கைகாரர் என்று பேர். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டு தேங்காது, அப்படி வாட்டம் வைப்பார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அவரோடு கூட வேலை செய்தார். எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

ஊருக்கெல்லாம் கட்டியவர் வீட்டில் மட்டும் கட்ட மாட்டார். "சோறு துன்ற எடத்துல அத்த கட்டி வெச்சிகினா சாமி வூட்டுக்குள்ள வருமா?" என்பார். நங்கநல்லூர்க்காரர்கள் வீட்டுக்குச் சாமி எப்படி வந்தது என்று அவரை யாரும் கேட்டதில்லை.

ஆம்பளைகள் எப்போது வேண்டுமானாலும் போவார்கள். பொம்பளைகளுக்கு விடிவதற்கு முன்னால், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு. நடுவில் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். தெருப் பொம்பளைகள் சேர்ந்து போவார்கள். நானும் அம்மாவோடு போவேன். வேலிகாத்தான் புதர் ஓரம் உட்கார்ந்திருப்போம். பல்லாவரம் மலையிலிருந்து கல் லாரி வரும். லைட் தெரிந்ததும் யாராவது ஒருத்தி "ஏய், வண்டி" என்பாள். எல்லோரும் எழுந்து நிற்போம். லாரி போனதும் உட்காருவோம். அடுத்த லாரி வரும். மறுபடி நிற்போம். எனக்கு அது விளையாட்டு. டீச்சர் வந்தால் நிற்கிற மாதிரி கீது என்று சொல்லிச் சிரிப்பேன். அம்மா சிரிக்க மாட்டாள்.

அம்மாவிடம் இன்னொன்று கவனித்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் அவள் தண்ணீர் குடித்துப் பார்த்ததில்லை. வெயிலில் களை பிடுங்கிவிட்டு வந்தாலும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவாள். கேட்டால் தாகமில்லை என்பாள். சில பேருக்குத் தாகம் எடுக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பாவுக்கு அஸ்தினாபுரத்தில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் வேலை. ஓட்டு வீடுதான். ஆனால் பின்னால் கக்கூஸ் உண்டு. எல்லாம் ஒத்து வந்தது. கடைசியில் பெண்ணின் அம்மா தரகரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாள். எங்க பொண்ணு வெளிய போய் பழகல, வூட்ல அது இருந்தா மேல பேசலாம் என்று.

அப்பா, "வேற எடம் பாரு" என்றார். சித்தப்பாவுக்கு வேறு இடம் வேண்டாம். பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்தே அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிற வாரம், சித்தப்பா வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஒரு ரூம் எழுப்பினார். வேலையில் மிஞ்சிய செங்கல். சிமெண்ட் சாந்துக்குப் பதில் செம்மண். முன்பக்கம் மட்டும் நல்ல பூச்சு. தகரக் கதவு, பச்சை பெயிண்ட். கதவோரம் ஒரு வாளி, ஒரு மக். கடைசியாகச் சுவரை ஒட்டி உயரமாக ஒரு பைப்பை நட்டார். கக்கூஸ் தொட்டியிலிருந்து காற்று போக வைப்பார்களே, அந்தப் பைப். கீழே தொட்டி இல்லை. குழியே இல்லை. உள்ளே வெறும் மண் தரை. கதவில் பெரிய பூட்டு.

சாயங்காலம் அப்பா வந்து சுற்றிப் பார்த்தார்.

"உள்ள இன்னாடா கீது?"

"ஒண்ணும் இல்லண்ணா."

"அப்ப சரி" என்றார். பூச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓரம் நல்லா வந்துகீது" என்று சொல்லிக் கால் கழுவப் போனார்.

பெண் வீட்டார் வந்தார்கள். காப்பி குடித்ததும் பெண்ணின் அம்மா நேராகப் பின்பக்கம் போனாள். பைப்பை அண்ணாந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. அதோடு விடவில்லை.

"பூட்ட கொஞ்சம் தொறங்க தம்பி. பஸ்ல வந்தது. போய்ட்டு வந்துடறேன்."

சித்தப்பா அசரவில்லை. "இப்பதான் பூசினது அத்தே. ஒரு வாரம் தண்ணி காட்டணும். தொறந்தா காத்து பட்டு வெடிச்சிடும். அண்ணனை கேளுங்க."

அப்பா பைப்பின் உச்சியைப் பார்த்தபடி, "சிமெண்ட்டுக்குத் தண்ணி முக்கியம்" என்றார். அதில் பொய் இல்லை.

அப்போது அம்மா ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தண்ணி காட்டணும்னாரே" என்று பக்கத்துச் சுவரில் ஊற்றினாள். அந்தப் பக்கம் பூச்சு கிடையாது. செம்மண் கரைந்து ஒழுகியது. சித்தப்பா ஓடிப்போய் அதில் முதுகைக் கொடுத்து நின்றார். புதுச் சட்டை.

"போதும் அண்ணி."

"இன்னொரு கொடம் ஊத்தட்டா?"

"வேணாம் அண்ணி. போதும்."

அம்மாவுக்கு விவரம் பத்தாது என்று எனக்கு வருத்தமாக இருந்தது. பெண்ணின் அம்மா ஒன்றும் கவனிக்கவில்லை. அவளுக்கு வேறு அவசரம். அஸ்தினாபுரம் போய்ச் சேரும் வரை அடக்கிக்கொண்டுதான் போயிருப்பாள்.

வைகாசியில் கல்யாணம். சித்தி வந்தாள். வந்த மறுநாள் சாவி கேட்டாள். தொலைந்துவிட்டது என்றார் சித்தப்பா. அடுத்த நாளும் அதையே சொன்னார். அதற்கு அடுத்த நாள் அம்மா, சித்தி பக்கத்தில் நிற்கும்போதே, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். வரட்டி எடுக்க. உள்ளே வரட்டி, விறகு, மணல் சலிக்கிற சல்லடை. இப்படியா மறந்துபோய்த் திறப்பாள் என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

சித்தி தரையைப் பார்த்தாள். வெளியே வந்து பைப்பைப் பார்த்தாள். 

"எவ்ளோ தூரம்க்கா?"

"கிட்டதான்" என்று அம்மா ஒரு சொம்பை எடுத்துக் கொடுத்தாள்.

ஏரிக்கரையில் முதல் லாரிக்கே சித்தி எழுந்து நின்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். லாரி போன பிறகும் அவள் உட்காரவில்லை. அப்படியே வீட்டுக்கு நடந்தாள். அன்று சோறு சாப்பிடவில்லை. அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து ரொம்ப நேரம் மெதுவாகப் பேசினாள். என்னை வெளியே போய் விளையாடு என்று அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு சித்தியும் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கிறதை விட்டாள்.

சித்தி எனக்கு ரெட்டை ஜடை போட்டு விடுவாள். அம்மா போடுவது பள்ளிக்கூடம் போவதற்குள் அவிழும். சித்தி போட்டது ராத்திரி படுக்கிற வரை நிற்கும். எனக்கு அவள் மேல் உயிர்.

ஆடி பிறந்தது. புதுப்பெண் என்று தாய் வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். ஆவணி வந்தது. சித்தி வரவில்லை. சித்தப்பா சைக்கிளில் கூப்பிடப் போய்த் தனியாகத் திரும்பி வந்தார்.

"கட்டிட்டு கூப்டுன்றாண்ணா."

"வரலன்னா அங்கயே இருக்கட்டும்" என்றார் அப்பா.

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "நான் இத்தினி வருசமா போவல? இவ மட்டும் இன்னா சொகுசு கேக்கறா?" தெருவுக்கே கேட்டது. எனக்கு அம்மாவைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான். தலை வாரிவிட வந்தாள். வேண்டாம் என்று விரித்த தலையோடு பள்ளிக்கூடம் போனேன்.

பிள்ளையார் சதுர்த்தி வந்தது. அம்மா அப்பாவிடம், "பெரியவங்க நீங்க போய் கூப்டா தட்ட மாட்டா. நல்ல நாளு, கொழுக்கட்டைய குடுத்துட்டு ஒரு வார்த்த கூப்டுட்டு வாங்க" என்றாள். என்னையும் கூடப் போகச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம். கிளம்பும் முன் அம்மா என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்தாள். கொழுக்கட்டைத் தூக்கைக் கையில் கொடுத்துக் காதில் சொன்னாள்.

"சித்திகிட்ட தனியா சொல்லு. நான் ஆள் சொல்லி அனுப்பற வரைக்கும் வராதேன்னு சொல்லு. இன்னா ஆனாலும் வராதேன்னு சொல்லு. அப்பா காதுல வுழக் கூடாது."

கூப்பிட அப்பாவை அனுப்புகிறாள். வராதே என்று சொல்ல என்னை அனுப்புகிறாள். சித்தியை வீட்டைவிட்டே துரத்தப் பார்க்கிறாள் என்று புரிந்தது எனக்கு. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பல்லாவரம் வரை அழுதேன்.

"காலு சக்கரத்துல மாட்டிகிச்சா?" என்றார் அப்பா.

"இல்லப்பா."

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சித்தி என்னைப் பார்த்ததும் சமையல்கட்டுக்குக் கூட்டிப் போய்த் தலையை அவிழ்த்துப் பின்ன ஆரம்பித்தாள். "அக்கா ஏதாவது சொன்னாங்களா?" என்றாள். அம்மா சொல்லச் சொன்னதை நான் சொல்லாமல் இருந்ததில்லை. சொல்லிவிட்டேன்.

பின்னுகிற கை நின்றது. திரும்பிப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

"உங்கம்மா தண்ணி குடிக்கறாங்களாடி?"

"அம்மாவுக்குத் தாகம் எடுக்காது சித்தி."

என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். துக்கத்தில் ஏதேதோ கேட்கிறாள் என்று நினைத்தேன்.

அதற்குள் அப்பா பின்பக்கம் போய்விட்டு வந்தார். கையைத் துடைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். வந்த விஷயம் மறந்துவிட்டது அவருக்கு.

"இன்னா சம்பந்தி, யார் கட்டினது இத்த? வாட்டமே இல்ல. தண்ணி தேங்குது. கால் வெக்கற கல்லு கூட கோணையா கீது."

"ஏதோ இந்தப் பக்கத்து ஆளுதான்" என்றார் சித்தியின் அப்பா.

"நானா இருந்தா இப்படி விடுவனா?" என்று அப்பா ஆரம்பித்தார். எத்தனை விரற்கடை இறக்கணும், மூலையில் எப்படிப் பூசணும் என்று கையால் காற்றில் பூசிக் காட்டினார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

சித்தி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா முன்னால் அவள் அவ்வளவாகப் பேசியதில்லை. அன்று பேசினாள்.

"மாமா, நீங்க கட்டினா எப்படி இருக்கும்னு ஊரே சொல்லுது. நம்ம வூட்ல எங்க கீதுன்னு மட்டும் சொல்லுங்க. இப்பவே பொட்டியத் தூக்கிகினு வரேன்."

"ஏய்" என்று அதட்டினார் அவள் அப்பா. என் அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. ஆறிய காப்பியை எடுத்து அடி வரை குடித்தார். எழுந்தார்.

"கொழுக்கட்டைய சாப்டும்மா" என்றார். 

திரும்பும் வழியில் கீழ்க்கட்டளை தாண்டி, "எட்டடி எறக்கினா போதும்" என்றார் தனக்குத்தானே. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சித்தி இனி வர மாட்டாள் என்பது மட்டும் விளங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சித்தப்பாவின் ரூமை ஒரு உதை விட்டார். பக்கத்துச் சுவர் விழுந்தது. "இத்த நம்பி ஒரு பொண்ண குடுத்தாங்க பாரு" என்றார். சித்தப்பா வரட்டியை அள்ளி வெளியே போட்டார். அண்ணனும் தம்பியும் குழி தோண்டி சிமெண்ட் உறை இறக்கினார்கள். இடத்தை மட்டும் அப்பா பின்கோடிக்கு மாற்றினார். சாமிக்குக் கொஞ்சம் தூரம். வாட்டத்தைத் தம்பியிடம் விடவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு தானே பூசினார். பழையதில் மிஞ்சியது அந்தப் பைப்தான். அதற்கு அப்போதுதான் வேலை வந்தது.

இந்தத் தடவை நிஜமாகவே ஒரு வாரம் தண்ணீர் காட்டினார்கள். அம்மா குடம் குடமாக ஊற்றினாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை.

தெருப் பொம்பளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு மழை நாளில் சொம்போடும் வந்தார்கள். அம்மா யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. மெதுவாக ஒவ்வொரு வீடாகக் கட்டினார்கள். அப்பாவுக்குச் சொந்தத் தெருவிலேயே வேலை கிடைத்தது. இன்று என் பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் வெளியே வருவதில்லை. நான் திட்டுவதில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளை தாழ்ப்பாள் போடும் சத்தம் எனக்குக் கோயில் மணி மாதிரி. அந்தச் சத்தத்தை எங்கள் தெருவுக்குக் கொண்டு வந்தது சித்தி. ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன், சித்தி மட்டும் என்று.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் அம்மா ஆள் சொல்லி அனுப்பினாள். சித்தி வந்தாள். வந்த கையோடு சமையல்கட்டில் புகுந்து அவளே குழம்பு வைத்தாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம். அம்மா பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டாள். அண்ணாந்து வாயில் ஊற்றினாள். நிறுத்தவே இல்லை. தொண்டை ஏறி இறங்கியது. கழுத்தெல்லாம் வழிந்தது. இன்னொரு சொம்பு மொண்டாள். அதையும் குடித்தாள். சித்தி கையைக் கழுவாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மே, அப்படி தாகம்?" என்றார் அப்பா.

"கொழம்பு காரம்" என்றாள் அம்மா.

நான் சட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். காரமே இல்லை. வந்த அன்றைக்கே சித்தி சமையலில் குறை சொல்கிறாளே என்று அம்மா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.