துரைசாணியின் தப்பும் நாலு மணித் தேநீரும்

ஜூலையில் லீவு கிடைத்ததும் ஹட்டன் பக்கம் கிளம்பினேன். காரணம் ஒரு துரைசாணி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபு குடும்பத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவரோடு மல்லுக்கு நின்று, குதிரை லாயத்தைக் காலிசெய்து, தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆக்கினாராம். பெண்பிள்ளைகளையும் அனுப்பியே ஆக வேண்டும் என்று கங்காணிகளுக்குக் கட்டளை வேறு. அந்தப் பள்ளியைப் பார்க்கத்தான் ஆசை.

கண்டியில் காலை எட்டே முக்காலுக்கு ரயில். வட்டவளையில் மழை பிடித்துக்கொண்டது. றொசல்லயில் ஜன்னலைச் சாத்திவிட்டேன். ஹட்டனிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், ஓட்டோவுக்கு இரண்டாயிரம் ரூபாய். பாதையா அது? இடுப்பு கழன்றுவிட்டது.

போய்ச் சேர்ந்தால் பள்ளிக்கூடத்தைக் காணோம். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று போன வருடம் மூடிவிட்டார்களாம். இப்போது அது சுற்றுலாப் பயணிகளுக்கான தேநீர் விடுதி. வாசலில் துரைசாணியின் படம், கரும்பலகையில் கேக் வகைகள். வயிறெரிந்தது. ஆனாலும் உட்கார்ந்து ஒரு தேநீர் சொன்னேன், வேறென்ன செய்வது?

கொண்டுவந்தவர் புஷ்பம், கீழே தெரிந்த லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் தோட்டத்துப் பெண். அதே அறையில் எட்டாம் வகுப்புவரை படித்தவர். பன்னிரண்டு வயது மகளின் படிப்பு பள்ளியோடு சேர்ந்து நின்றுவிட்டது. அடுத்த பள்ளி ஆறு கிலோமீட்டர், காட்டுப் பாதை, பஸ் கிடையாது. இந்த வாரக் கடைசியில் அவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்புகிறார்களாம். பதறிப்போய், அனுப்பாதீர்கள், சட்டப்படியும் தப்பு என்றேன்.

"நீங்க சொல்லிட்டு ரயிலேறிருவீங்க. நான் இங்க வந்துட்டா லயத்துல அது தனியா கெடக்குதுங்க. யாரு பாக்குறது?" என்றார்.

நாலு மணிக்குத் தப்புப் பறையின் சத்தம் கேட்டது. அந்தக் காலத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, கூட்டத் தப்பு அடிப்பார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூப்பிட இரண்டாவது தடவை அடிக்கவைத்தவர் துரைசாணி. மூடிய நாள்வரை அந்தப் பள்ளிக்கு மணியே கிடையாது, தப்புதான். இப்போது அதையே தேநீர் நேரத்துக்கு அடிக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் கைதட்டிப் படம் எடுத்தார்கள்.

புஷ்பம் ஜன்னல் வழியே கீழே பார்த்தார். "இந்தச் சத்தம் கேட்டா இன்னமும் பையத் தூக்கிட்டு வாசலுக்கு வந்துருதுங்க எம் புள்ள."

லயத்து வாசலில், மழையில், நீலப் பையோடு ஒரு சிறுமி நின்றாள். தப்பு நின்றதும் உள்ளே போய்விட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: மழைச்சட்டையும் அட்டைக்கடிக்கு உப்பும் கட்டாயம். தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது. நாலு மணிக்குத் தப்பு அடிக்கும்போது தயவுசெய்து கைதட்டாதீர்கள். ஜன்னல் வழியே பார்த்தும் பயனில்லை. நீங்கள் போகும்போது லயத்து வாசலில் யாரும் நிற்கமாட்டார்கள்.