ரிப்போர்ட்டில் ஒரு வரி

ஸ்கேன் எடுப்பது சுலபமான தொழில்: திரையில் தெரிவதை எழுதவேண்டும். எழுதியதை யார் யார் வாசிப்பார்கள் என்பதுதான் நம் கையில் இல்லை. ரிப்போர்ட் எழுதி வம்பில் மாட்டிய டொக்டர்மாரே, உங்களுக்கும் இது நடந்திருக்கும்.

கல்லைத் தேடப்போய்

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் மெடிக்கல் சென்டருக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து சுபாங்கி தாயோடு வந்தாள். வங்கியில் வேலை, இருபத்தாறு வயது, விலாவில் வலி. சிறுநீரகத்தில் கல் இல்லை. முட்டை உருவாகும் சூலகங்களில் மட்டும் சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் நிறையத் தெரிந்தன. மாதவிடாய் ஒழுங்கு, வேறு எந்தக் குறையும் இல்லை. பல பெண்களின் ஸ்கேனில் இப்படித் தெரிவதுண்டு, இது மட்டும் இருந்தால் நோயல்ல என்று சொல்லிவிட்டு, வழக்கப்படி 'பொலிசிஸ்டிக் தோற்றம்' என்று ஒரு வரி எழுதினேன். தாய் கல்லை மறந்து அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்.

"டொக்டர், இவளுக்குக் கலியாணம் பேசி முடிஞ்சுது. இனிப் பிள்ளை பிறக்காதோ?"

குடும்ப வைத்தியர்கள்

பிறக்கும் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. ரிப்போர்ட் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்குப் போனது. கனடாப் பெரியம்மா சோற்றை நிறுத்தச் சொன்னார். பெட்ரோல் நிலையம் நடத்தும் லண்டன் சித்தப்பா மாத்திரையின் பெயரையே எழுதி அனுப்பினார். சோற்றை விட்டு அந்த மாத்திரையையும் விழுங்கிய சுபாங்கி பத்தாம் நாள் பஸ்ஸில் தலைசுற்றி விழுந்தாள். சுகமாக இருந்தவளை நோயாளி ஆக்கிவிட்டார்களே என்று தாயிடம் தொலைபேசியில் கத்தியேவிட்டேன்.

"கோவிக்காதேங்கோ டொக்டர், எல்லாரும் அவளின்ரை நன்மைக்குத்தான் சொல்லுகினம்."

மாப்பிள்ளையின் தாய்

குழுவில் போட்டது மாப்பிள்ளை வீட்டுக்குப் போகாமல் இருக்குமா? கொள்ளுப்பிட்டியிலிருந்து அவருடைய தாய் நேரே என் அறைக்கு வந்தார். இந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறக்கும் என்று எழுதி, முத்திரை குத்தித் தரவேண்டுமாம்! இன்னொருவரின் ரிப்போர்ட்டைப் பற்றி உங்களோடு கதைக்க முடியாது என்றேன். அதோடு விட்டிருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை. உங்கள் மகனுக்கு ஏதாவது பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டேன்.

"அவனுக்கு ஏன் டொக்டர்? அவன் எஞ்சினியர்."

அழிக்கச் சொன்னபோது

மறுநாள் சுபாங்கியின் தாய் மகளை இழுத்துக்கொண்டு வந்தார். அந்த வரி இல்லாமல் புது ரிப்போர்ட் தரட்டாம். இல்லாவிட்டால் கலியாணம் நின்றுவிடுமாம். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுத முடியாது, நோயல்ல என்று வேண்டுமானால் பெரிதாக எழுதித் தருகிறேன் என்றேன். அவர் அழத் தொடங்கினார். எனக்கும் மனம் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற மகளிடம், "நீர் என்ன சொல்லுறீர், பிள்ளை?" என்றேன்.

"வரி இருக்கட்டும், டொக்டர். மாப்பிள்ளைதான் வேண்டாம்."

ஒரு பெண்ணின் சூலகத்தைப் பற்றி இந்த ஊரில் யாரும் அபிப்பிராயம் கேட்காத ஒரே ஆள் அந்தப் பெண்தான்.